கையைத் தூக்கும் முன்: மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வீட்டுக்காரரின் திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு,



சொத்து வரியைப் பற்றி எழுதுகிறேன். ‘வரியைக் குறை’ என்று கேட்கும் இன்னொரு மனு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். சொந்த வீடு வைத்திருப்பவர் ஊருக்கு வரி கட்டத்தான் வேண்டும். குப்பை அள்ளுகிறவரின் சம்பளம், தெருவிளக்கின் கரண்ட் பில், கொசு மருந்து, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி என்று எல்லாவற்றுக்கும் எங்கிருந்தாவது பணம் வர வேண்டும். அது வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வரி எப்போது ஏறியது, எந்தக் கணக்கில் ஏறியது, ஏறும்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில்தான் வருத்தம்.

முதலமைச்சருக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. அரசு ஆணை போடலாம். ஆணையர் கோப்பைக் கொண்டுவந்து வைக்கலாம். ஆனால் வரி உயர்வு தீர்மானமாவது உங்கள் மன்றத்தில்தான். அங்கே ‘ஆல் பாஸ்’ என்று முடித்துவிட்டு, வார்டுக்குள் வந்து நாங்கள் கேட்டால், “அது கவர்மென்ட் ஆர்டர் சார், எங்க கையில ஒண்ணும் இல்ல” என்கிறீர்கள். உங்கள் கையில் ஒன்றுமில்லை என்றால் எதற்காக அந்தக் கையைத் தூக்கச் சொல்கிறார்கள்?

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். சென்னையில் சொத்து வரிச் சீராய்வு 1998-ல் நடந்தது. மற்ற ஊர்களில் 2008-ல். அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் எந்த அரசும் அந்தப் பக்கம் போகவில்லை. 2018 ஜூலையில் அ.தி.மு.க. அரசு குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரையும், வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரையும் உயர்த்தியது. தி.மு.க. அதை எதிர்த்துப் போராடியது. 2019 நவம்பரில், நகர்ப்புறத் தேர்தல் வருகிறது என்ற பேச்சு பலமாக இருந்த நேரத்தில், அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்கள் அடுத்தடுத்த அரையாண்டுகளில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றார்கள். தேர்தல் மட்டும் வரவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு அதன்பின் ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான் எல்லாம்.

கடைசியில் 2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 489 பேரூராட்சிகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உறுப்பினர்கள் ஆனீர்கள். மார்ச் 2-ல் உறுதிமொழி எடுத்தீர்கள். சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1 அன்று வரி உயர்வு அறிவிப்பு வந்தது. பிப்ரவரியில் எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர்களில் ஒருவர்கூட, எந்தக் கட்சிக்காரரும், இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்த முறை ஏற்றியது தி.மு.க. அரசு, தெருவில் இறங்கியது அ.தி.மு.க. பழைய போராட்டத்தின் கோஷங்களை அப்படியே கைமாற்றிக்கொண்டார்கள்.

அரசு சொன்ன காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்.கே. சிங் தலைமையிலான 15-வது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது. 2021-22-லேயே சொத்து வரியின் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும். அதன்பின் மாநிலத்தின் உற்பத்தி மதிப்பு வளரும் வேகத்துக்கு ஈடாக வரி வசூலும் கூட வேண்டும். இல்லையென்றால் மானியம் கிடையாது. அத்தோடு, மற்ற நகரங்களைக் காட்டியும் அரசு வாதாடியது: சென்னையில் 600 சதுர அடி வீட்டுக்கு 810 ரூபாயாக இருந்த வரி 1,215 ரூபாய் ஆகிறது, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, புனே ஆகிய ஊர்களில் இதைவிட அதிகம். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. 1998-ல் சென்னையில் குடியிருப்புக்கு வைத்த அடிப்படை வாடகை மதிப்பு, சதுர அடிக்கு மாதம் 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரைதான். இன்று அந்தக் காசுக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கக்கூட இடம் கிடைக்காது. வரி ஏற வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னை உயர் நீதிமன்றமும் 2022 டிசம்பரில் உயர்வு செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி செல்லும். அது நியாயமாகப் பங்கிடப்பட்டதா என்பதைப் பேச வேண்டிய இடம் உங்கள் மன்றம்.

அந்தப் பங்கீட்டுக்கு வருகிறேன். சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 50 சதவீத உயர்வு. 601 முதல் 1,200 வரை 75. 1,201 முதல் 1,800 வரை 100. அதற்கு மேல் 150. 2011-ல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளிலும் மற்ற ஊர்களிலும் இதே படிகள் 25, 50, 75, 100 என்று இருந்தன. சின்ன வீட்டுக்குக் கொஞ்சம், பெரிய வீட்டுக்கு நிறைய என்று மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால்தான் கோளாறு தெரியும்.

பழைய சென்னையில் ஒரே அடுக்குமாடியில் இரண்டு ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1,200 சதுர அடி, பழைய வரி அரையாண்டுக்கு 2,000 ரூபாய். எதிர் ஃப்ளாட் 1,210 சதுர அடி, வரி சுமார் 2,017 ரூபாய். முதல் வீட்டுக்கு 75 சதவீதம் ஏறி 3,500 ஆகிறது. எதிர் வீட்டுக்கு 100 சதவீதம் ஏறி 4,034 ஆகிறது. பத்து சதுர அடி என்பது ஒரு குளியலறைகூட இல்லை. அதற்கு அரையாண்டுக்கு 534 ரூபாய். 1,800-ஐத் தாண்டுகிற வீட்டுக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும். வருமான வரியில் ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே ஒரு சதுர அடி தாண்டினாலும் மொத்த வீட்டுக்கும் கூடுதல் விகிதம். இதை வகுத்தபோது யாரும் கேட்கவில்லையா? உங்கள் மன்றத்துக்குத் தீர்மானமாக வந்தபோதாவது ஒருவர் கேட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. உயர்வு, பழைய வரியின் மேல் சதவீதமாக வந்தது. பழைய வரி சரியாக இருந்தால்தானே அதன் மேல் வைக்கும் சதவீதமும் சரியாக இருக்கும்? கோணல் தராசில் நிறுத்த எடையை இரண்டால் பெருக்கினால் கோணலும்தான் இரண்டு மடங்காகிறது. ஒரே தெருவில் 1,200 சதுர அடியில் இரண்டு வீடுகள். ஒருவர் உள்ள அளவைச் சொல்லி 2,000 ரூபாய் கட்டிவந்தார். மற்றவருக்குப் பதிவேட்டில் 600 சதுர அடிதான். பின்னால் கட்டிய மாடி கணக்கில் ஏறவே இல்லை. 1,000 ரூபாய் கட்டிவந்தார். சீராய்வு வந்ததும் உண்மை சொன்னவருக்கு 75 சதவீதம் ஏறி 3,500. மறைத்தவருக்கு, 600-க்குள் என்பதால், 50 சதவீதம் மட்டும் ஏறி 1,500. இருவருக்கும் இடையே ஆயிரமாக இருந்த வித்தியாசம் இரண்டாயிரம் ஆகிவிட்டது. உண்மை சொன்னவருக்கு இந்தச் சீராய்வு கொடுத்த பரிசு இது.

தெருவின் கதையும் இப்படித்தான். ஒரு காலத்தில் முட்டுச்சந்தாக இருந்தது இன்று கடைத்தெரு ஆகியிருக்கும். ஒரு காலத்தில் பிரதான சாலையாக இருந்தது மேம்பாலத்தின் அடியில் இருண்டு கிடக்கும். பழைய தெரு மதிப்பின் மேல் சதவீதம் வைத்தால், முதல் தெருக்காரர் குறைவாகக் கட்டுகிறார், இரண்டாம் தெருக்காரர் அவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். சென்னையில் 2011-ல் 42 உள்ளாட்சிகள் இணைந்து, மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. அந்தந்த ஊரின் பழைய கணக்குகளும் கூடவே வந்தன. எல்லையின் இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு. சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே இருப்பவர் வரியையும் கட்டிவிட்டு, கழிவுநீர் லாரிக்கும் தனியாகக் காசு கொடுக்கிறார். அவரிடம் போய், புனேவில் இதைவிட அதிகம் என்று சொன்னால் அவருக்கு என்ன ஆறுதல்?

சொத்து வரியோடு முடிவதும் இல்லை. சென்னையில் குடிநீர் வாரியத்தின் வரியும் சொத்தின் ஆண்டு மதிப்பை வைத்தே போடப்படுகிறது. நூலக வரி சொத்து வரியோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றவையும் சேர்ந்து நகரும்.

சரி, இதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. இனி ஆண்டுதோறும் உயரும் என்று விதி வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது, பல ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் தலையில் இறக்குவதைவிட மேல்தான். ஆனால் ஆண்டுக்கு 6 சதவீதம் தொடர்ந்து ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் வரி இரண்டு மடங்காகும். கட்டுகிறவரின் வருமானம் அதே வேகத்தில் ஏறுமா? அரசுப் பென்ஷன்காரருக்கு அகவிலைப்படி உண்டு. தனியார் கம்பெனியில் உழைத்து ஓய்ந்தவருக்கு? தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து ஆண்டு கழிந்தும் அது அதே ஆயிரமாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு வார்டிலும் இப்படிப்பட்டவர்களை உங்களுக்கே தெரியும். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ பி.எஃப். கடன் வாங்கி, நகையை விற்று, அரை கிரவுண்டில் வீடு கட்டியவர்கள். வழிகாட்டி மதிப்பின்படி இன்று அவர்கள் கோடீஸ்வரர்கள். மாதக் கடைசியில் மருந்துக் கடையில் பாதி அட்டை மாத்திரை கேட்கிறவர்களும் அவர்களே. சுவரும் கூரையும் விலை ஏறினால் சாப்பாட்டுக்கு ஆகாது, விற்றால்தான் காசு. விற்றுவிட்டு எங்கே போவது? கணவர் போனபின் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு அதில் காலம் தள்ளும் அம்மாக்கள் உண்டு. வரி ஏறினால் அவர் வாடகையை ஏற்றுவார். அது குடியிருப்பவர் தலையில் விழும். சொத்து வரி சொத்துக்காரர்களின் பாடு என்று வாடகைதாரர்கள் நினைத்தால் அது தவறு.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். மொட்டை மாடியில் அறை எடுத்துவிட்டு வாய் மூடி இருப்பவர்கள் எங்களில் உண்டு. கீழே கடையும் கிளினிக்கும் நடத்திவிட்டு, ரசீதில் ‘குடியிருப்பு’ என்று வைத்திருப்பவர்கள் உண்டு. பில் கலெக்டரைத் தனியே அழைத்துப் பேசி, அளவைக் குறைத்து எழுத வைத்தவர்களும் உண்டு. இந்தப் பேச்சுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பதை இருதரப்பும் அறியும். ஆகவே மறுஅளவீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். முறையாக, முன்னறிவித்து, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வேண்டும். பெரிய மாலும் கல்யாண மண்டபமும் தப்பி, ஓட்டு வீட்டுக்கு ஷீட் போட்டவர் மாட்டிக்கொள்ளும் அளவீடு வேண்டாம்.

வசூல் முறையையும் கொஞ்சம் பாருங்கள். சீக்கிரம் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை; தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சில ஊர்களில் பாக்கிதாரர் பெயரை பிளக்ஸில் அடித்துத் தெருமுனையில் கட்டுகிறார்கள்; வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சில ஆயிரம் பாக்கிக்கு ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்குகிற கை, பல லட்சம் பாக்கி வைத்த கட்டடத்தின் வாசலிலும் அதே வேகத்தில் நீள்கிறதா என்று மன்றத்தில் கேட்டீர்களா?

இனி, உங்களால் முடிந்தவற்றைக் கேட்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை ஒரு தீர்மானத்தில் தொடங்கக்கூடியவை.

ஒன்று. கேட்பு அறிவிப்பில் கணக்கு இருக்க வேண்டும். கட்டட அளவு இவ்வளவு, தெருவுக்கான விகிதம் இவ்வளவு, கட்டடத்தின் வயது, பயன்பாடு, போன அரையாண்டு வரி, இந்த அரையாண்டு வரி என்று ஒரே தாளில், தமிழில். இணையத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். எழுபது வயதுக்காரருக்குத் தாள்தான் இணையம். மின்வாரிய அட்டையில் யூனிட் எழுதுகிறார்களே, வரித்தாளில் சதுர அடி எழுத என்ன தடை?

இரண்டு. தெரு விகிதங்களைப் புதிதாக வகுக்கும்படி அரசைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். பெங்களூரு மாநகராட்சி 2008-லேயே வட்டாரவாரியாக, சதுர அடிக்கு இவ்வளவு என்று வெளிப்படையாக அறிவிக்கும் முறைக்கு மாறியது. அங்கேயும் சண்டை உண்டு. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அதோடு, சதுர அடிப் படிகளைத் தாண்டிய அளவுக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று மாற்றச் சொல்லுங்கள்.

மூன்று. வார்டு கணக்கு. உங்கள் வார்டிலிருந்து இந்த ஆண்டு எவ்வளவு சொத்து வரி வசூலானது, உங்கள் வார்டுக்கு எவ்வளவு செலவானது, எந்தத் தெருவில் எந்த வேலை, எந்த ஒப்பந்ததாரர், எவ்வளவு தொகை. வார்டில் வசூலானதெல்லாம் வார்டுக்கே வேண்டும் என்று கேட்கவில்லை. வசதியான பகுதியின் பணம் குடிசைப் பகுதிக்குப் போவதுதான் முறை. போன இடம் தெரிய வேண்டும் என்கிறேன். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. வார்டு கமிட்டிக்கும் ஏரியா சபைக்கும் தமிழ்நாட்டில் விதிகள் வர 2022 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று ஊரெங்கும் ஏரியா சபைகளைக் கூட்டினீர்கள்; பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அந்தச் சபைகள் புகைப்படத்துக்கான கூட்டமாகச் சுருங்கிவிடக் கூடாது. வரவு செலவைப் படித்துக் காட்டுங்கள். நாங்கள் கேள்வி கேட்கிறோம்.

நான்கு. முதியோருக்கு வரி ஒத்திவைப்பு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 55 வயது கடந்த வீட்டுக்காரர் விண்ணப்பித்தால், அவருடைய வரியை மாகாண அரசே உள்ளாட்சிக்குக் கட்டிவிட்டு, வீட்டின் மேல் கடனாக எழுதிக்கொள்கிறது. வீடு விற்கப்படும்போதோ கைமாறும்போதோ வட்டியோடு வசூலாகும். யாருக்கும் இனாம் இல்லை. ஊருக்கு நட்டமும் இல்லை. குடியிருக்கும் ஒரே வீட்டைத் தவிர வேறு சொத்தில்லாத முதியவருக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாட்டை அரசிடம் கேளுங்கள்.

ஐந்து. ஆட்சேபனைக்கு நாள் குறியுங்கள். அளவு தவறு, பயன்பாடு தவறு என்று மனு கொடுத்தால் இத்தனை நாளுக்குள் நேரில் வந்து அளந்து, காரணத்தை எழுதிப் பதில் தர வேண்டும். பதில் வரும்வரை தகராறில் உள்ள தொகைக்கு வட்டி ஓடக் கூடாது. இப்போது மனு கொடுப்பவர் வருவாய் ஆய்வாளர் மேசைக்கும் மண்டல அலுவலகத்துக்கும் நடந்து, கடைசியில் அலுத்துப்போய்க் கட்டிவிடுகிறார். அலுத்துப்போய்க் கட்டுகிற வரியைச் சம்மதத்தோடு கட்டியதாகக் கணக்கு வைக்காதீர்கள்.

ஆறு. பெரிய பாக்கிதாரர் பட்டியலை மன்றக் கூட்டத்திலேயே வாசியுங்கள். அதில் கட்சிக்காரர் கட்டடம் இருந்தாலும் வாசியுங்கள்.

உங்கள் சங்கடமும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. கட்சி சொன்னால் மீற முடியாது. நிதி அரசிடமும் அதிகாரம் ஆணையரிடமும் இருக்கின்றன. குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டு மட்டும் உங்களுக்கு. உங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். முதல்முறையாகப் பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் பலர். கட்சியை எதிர்த்து வாக்களிக்கச் சொல்லவில்லை. தீர்மானம் வரும்போது எழுந்து நின்று, ‘என் வார்டில் இது எத்தனை வீட்டைப் பாதிக்கும்? கணக்கை வையுங்கள்’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகட்டும். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கு இன்னொரு வார்த்தை: வெளிநடப்பு செய்வது எளிது; மாற்றுக் கணக்கை எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைப்பதுதான் வேலை. நாளை உங்கள் ஆட்சி வந்தால் இதே கோப்பில் நீங்கள்தான் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்.

வரியைத் தேர்தலுக்கு முன் நிறுத்துவதும் தேர்தலுக்குப் பின் ஏற்றுவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. இரண்டு கட்சிகளும் அதைச் செய்தன. இரண்டுக்கும் நாங்கள் வாக்களித்தோம். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது சாலை போட்டேன், விளக்கு போட்டேன் என்ற பட்டியலோடு இன்னொன்றையும் கொண்டுவாருங்கள்: வரித் தீர்மானம் வந்த நாளில் மன்றத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்ற குறிப்பு. அதைக் காட்ட முடிந்தவருக்கே என் வாக்கு. என் அண்டை வீட்டாரிடமும் அதையே சொல்வேன்.

இப்படிக்கு,
அரையாண்டு தவறாமல் வரி கட்டும் ஒரு வீட்டுக்காரர்